மே மாதத்துக்குள் ஒரு வருடம்

அந்த யோசனை முதலில் என் வாயிலிருந்துதான் வந்தது. எழுத உட்காரும்போதே அதை ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

தேனி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கரும்புச்சாறு வண்டி. ஏப்ரல் கடைசி, பகல் பதினொரு மணி, தார் இளகிச் செருப்பில் ஒட்டுகிற வெயில். கல்லூரியில் முதல் வருடப் பரீட்சை முடிந்து நான் சும்மா இருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா துணைக்கு வா என்று கூட்டிக்கொண்டு வந்திருந்தார். எதற்கென்று சொல்லவில்லை. வண்டிக்காரர் இரண்டு கிளாஸை எடுத்துக் கழுவத் தொடங்கியதும் அக்கா தடுத்தார்.

"சாறு வேணாம்ணே. கரும்பா குடுங்க. முழுசா ரெண்டு. தோகையோட கெடைக்குமா?"

"தோகையோடவா? எதுக்கும்மா?"

"பொங்கலுக்கு."

வண்டிக்காரர் கழுவிய கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, இவுகள அந்த நெழல்ல செத்த உக்கார வையி. வெயிலு மண்டைக்குள்ள எறங்கிருச்சு போல."

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. வழி கேட்பவருக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "எம் பிள்ளைக ரெண்டும் மே ஒண்ணாந்தேதி வருதுகண்ணே. முப்பது நாளு இருக்கும். நான் அதுகளோட பொங்க வச்சு மூணு வருசமாச்சு. ஜனவரில எனக்குத் தர மாட்டாக. அதான் மே மாசம் வைக்கிறேன்."

 அவர் கரும்புக் கட்டைப் பிரித்து நேராக இருந்த இரண்டைத் தேடி உருவிக் கொடுத்தார்.

பழனிசெட்டிபட்டிக்கு ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். கரும்பு இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பரபரப்பு. "அக்கா, பொங்கலோட ஏன் நிப்பாட்டணும்? கிறிஸ்மஸும் வைப்போம். ஈஸ்டரு, ரெண்டு பேரு பிறந்த நாளு, சுதந்திர தினம், கோயில் சப்பரம், எல்லாத்தையும் வைப்போம். மொத்த வருசத்தையும் மேக்குள்ள கொண்டாந்துருவோம்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "முடியுமா புள்ள?"

"ஏன் முடியாது?"

பதினெட்டு வயதில் எந்தக் கேள்விக்கும் என்னிடம் இருந்த பதில் அதுதான். அன்று சாயங்காலமே ஒரு சார்ட் பேப்பர் வாங்கி முப்பது கட்டம் போட்டு, பச்சை ஸ்கெட்சில் மாதங்களின் பெயரை எழுதி அக்கா வீட்டுச் சுவரில் ஒட்டிவிட்டேன். மே மூன்று: ஜனவரி. மே ஏழு: ஏப்ரல். மே இருபது: டிசம்பர்.

அக்காவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது இருக்கும். ஒடிசலான உடம்பு, நெற்றியில் எப்போதும் ஒரு வியர்வைக் கோடு. உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. நின்றுகொண்டே சாப்பிடுவார். ஒரு வேலை முடிந்த அடுத்த நொடி, "சரி, அடுத்து?" என்பார். அதை யாரிடம் கேட்கிறார் என்று தெரியாது. ரெடிமேட் துணிக்கடையில் வேலை. மே மாதம் யூனிபார்ம் சீசன் என்பதால் எந்தக் கடையிலும் அப்போது லீவு தர மாட்டார்கள். அக்கா ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் வேலையை விட்டுவிடுவார். ஜூனில் வேறு கடை தேடுவார். ஊரில் உள்ள அம்மாக்களுக்கெல்லாம் யூனிபார்ம் அளந்து கொடுத்தவர் தன் பிள்ளைகளுக்கு ஒரு தடவைகூட எடுத்ததில்லை.

பிள்ளைகள் கோயம்புத்தூரில் அப்பாவிடம் இருந்தார்கள். கோர்ட் உத்தரவுப்படி கோடை விடுமுறையின் முதல் முப்பது நாள் அம்மாவிடம். மற்றபடி எதுவும் கிடையாது. ஏன் அப்படி என்று ஒரு தடவை கேட்டிருக்கிறேன். "அந்த வீட்ட விட்டு வந்தன்னைக்குச் சின்னவனுக்குக் காய்ச்சல். வெயில்ல பஸ்ல தூக்கிட்டு வர வேணாம், ரெண்டு நாள் கழிச்சு வந்து கூட்டிக்கிருவோம்னு விட்டுட்டு வந்தேன். பிள்ளைகள விட்டுட்டுப் போனவன்னு எழுதிட்டாக," என்றார்.  அந்த இரண்டு நாளைப் பற்றி மேற்கொண்டு பேசி நான் கேட்டதில்லை.

அந்த முதல் மே மாதம் ஜெனிக்கு ஏழு வயது, ஆன்டோவுக்கு ஐந்து. அவர்கள் அப்பா காரில் கொண்டுவந்து தேனி பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார். ஆன்டோவுக்கு என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். நல்ல கையெழுத்து. அதைப் பார்த்ததும் எனக்கு அவரை முழுசாகத் திட்ட முடியாமல் போனது ஞாபகம் இருக்கிறது.

ஜனவரி பிரமாதமாக இருந்தது. மொட்டை மாடியில் செங்கல் வைத்து, பானைக்கு மஞ்சள் கட்டி, வெயில் ஏறுமுன் அடுப்பு மூட்டினோம். ஆன்டோ கரும்பைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அம்மா, கரும்பு ஏன் வெள்ளையா இருக்கு? பொங்கல் கரும்பு கறுப்பாத்தானே இருக்கும்?"

"மே மாசக் கரும்பு வெள்ளையாத்தான்டா இருக்கும்."

பால் பொங்கியதும் "பொங்கலோ பொங்கல்" என்று அக்கா போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் பதறிக்கொண்டு மாடிக்கு ஓடி வந்தார். "என்னத்தா, என்னாச்சு? சிலிண்டரா?" என்றார். அவர் கையிலும் ஒரு கிண்ணம் பொங்கலைக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றவர், "ஹேப்பி பொங்கல்" என்று தயங்கிச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஆன்டோ காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்பான், "அம்மா, இன்னைக்கு என்ன மாசம்?" அக்கா சார்ட்டைப் பார்க்காமலே சொல்வார், "ஆகஸ்டுடா. எந்திரி, கொடி ஏத்தணும்."

டிசம்பருக்கு வாசலில் காகித ஸ்டார் கட்டினோம். உள்ளே வைக்கோல் பரப்பிக் குடில். மின்விசிறியை நிறுத்தினால் வேர்க்கும், போட்டால் பஞ்சுப் பனி பறக்கும். ஜெனி பஞ்சைப் பிடித்துப் பிடித்து மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்தி நேரத்தில் பைக்கில் போன ஒருவர் நிறுத்தி, "என்ன தங்கச்சி, கிறிஸ்மஸ் முடிஞ்சு கழட்ட மறந்துட்டீகளா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. இப்பத்தான் போட்ருக்கோம்," என்றார் அக்கா.

இடையிடையே ஊர் சுற்றல். வைகை அணைப் பூங்கா, கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம், யானை நடமாட்டம் என்று வழியை அடைத்திருந்ததால் வாசலோடு திரும்பி வந்த சுருளி. கும்பக்கரையில் அருவியே இல்லை. வெறும் பாறை, அடியில் ஒரு குட்டைத் தண்ணீர். ஆன்டோவின் உதடு பிதுங்கியது. அக்கா சரசரவென்று பாறை மேல் ஏறி, குடிக்கக் கொண்டுவந்த இரண்டு பாட்டில் தண்ணீரையும் அவர்கள் தலையில் கவிழ்த்தார். "இந்தா, அருவி!" இருவரும் கத்திக் குதித்தார்கள். அது சார்ட்டில் இல்லாதது. திரும்பும் வழியில் அக்கா, "நல்லா இருந்துச்சா? சொல்லுங்க, நல்லா இருந்துச்சா?" என்று பஸ் தேனி வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். முதல் தடவை இரண்டு பேரும் சேர்ந்து ஆமாம் என்றார்கள். அப்புறம் ஜெனி மட்டும் சொன்னாள். கடைசியில் அவளும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஒரு நாளை வெறும் நாளாக விட அவரால் முடியாது. முப்பது நாளில் ஒன்றில் பிள்ளைகள் பேசாமல் தூங்கிவிட்டால் ஏதோ திருடு போனதுபோல வீட்டுக்குள் நடந்துகொண்டிருப்பார். ஆன்டோவுக்கு வயிற்றுப்போக்கு வந்த அன்று ஈஸ்டர். அக்கா ஈஸ்டரைத் தள்ளி வைக்கவில்லை. அவன் கையில் எலெக்ட்ரால் டம்ளரைக் கொடுத்துப் புதுச் சட்டை போட்டு உட்கார வைத்தார். நானும் பக்கத்தில் நின்று கைதட்டினேன்.

இரண்டாவது மே மாதம் வைகை அணையில் அதைக் கேட்டேன். அக்கா டிக்கெட் வாங்கப் போயிருந்தார். பிள்ளைகள் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பின்னால் நிற்பது அவர்களுக்குத் தெரியாது.

"ஆன்டோ, இன்னைக்கு உன் பர்த்டே. அம்மா கேட்டா இந்த வருசம் கேக் வெட்டவே இல்லன்னு சொல்லு."

"வெட்டினோமே. கார் கேக்."

"வெட்டினோம். ஆனா வெட்டலன்னு சொல்லணும். அப்பத்தான் அம்மா சந்தோசப்படுவாங்க."

"போன வருசமும் நான் அப்படித்தான் சொன்னேன்."

"ஆமா. அதே மாதிரி. வாயப் பெருசாத் திறந்து பாக்கணும், மறந்துறாத."

எட்டு வயதுப் பெண். தம்பிக்கு ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜனவரியில் கோயம்புத்தூரிலும் பொங்கல் வரும். டிசம்பரில் அங்கேயும் குடில் கட்டுவார்கள். பிள்ளைகளின் வருடம் காலியாகக் கிடக்கிறது, நாம் மே மாதத்தில் நிரப்புகிறோம் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அங்கே ஒன்றும் காலியாக இல்லை.

அக்காவிடம் சொல்லவில்லை. சாயங்காலம் கேக் வந்தது. ஆன்டோ வாயைப் பெரிதாகத் திறந்தான்.

மூன்றாவது மே மாதத்தில்தான் புதுநன்மை வந்தது. நான் இந்து வீட்டுப் பெண், எனக்கு இதெல்லாம் அக்கா சொல்லித்தான் தெரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒன்பது பத்து வயதில் முதல்முறையாக நற்கருணை அப்பம் வாங்குகிற நாள் அது. பெண் பிள்ளைகளுக்கு வெள்ளை கவுன், தலையில் மெல்லிய முக்காடு, கையில் மெழுகுவர்த்தி. முந்தின நாள் பாவசங்கீர்த்தனம், அதாவது செய்த பாவங்களை ஃபாதரிடம் தனியாகச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். அக்கா பிப்ரவரியிலேயே வலைத்துணி எடுத்து வந்து கவுன் தைக்க ஆரம்பித்துவிட்டார். ஜெனியின் உயரத்தைப் போன மே மாதம் கதவு நிலையில் கோடு போட்டு வைத்திருந்தார். அதற்கு மேல் நாலு விரல் சேர்த்துத் தைத்தார். சரியாக இருந்தது.

ஃபாதர் முதலில் தயங்கினார். "கோயம்புத்தூர் பங்குக் கோயில்ல இருந்து ஒரு லெட்டர் வேணுமேம்மா."

"அங்கன கேட்டா குடுக்க மாட்டாக ஃபாதர். ஞானஸ்நானம் குடுத்தது இங்கனதான? நம்ம பதிவேட்டுல இருக்கும்ல?"

இருந்தது. சரியென்று பெயர் எழுதிக்கொண்டார். பத்து நாள் வகுப்பு. ஜெனி எல்லா ஜெபத்தையும் தடங்கலில்லாமல் சொன்னாள். பாடம் எடுத்த சிஸ்டருக்கே ஆச்சரியம். "இந்தப் பிள்ளைக்குப் புதுசா ஒண்ணும் சொல்லித்தர வேண்டியதில்லம்மா," என்றார். அக்கா அதைத் தெருவில் எதிர்ப்பட்ட ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஊரிலுள்ள சொந்தக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. மொட்டை மாடியில் பந்தல், மட்டன் பிரியாணி. இந்த ஒன்று மட்டும் உண்மையிலேயே அதன் நாளிலேயே நடக்கிறது, வேறு மாதத்திலிருந்து தூக்கி வந்தது இல்லை என்பதில் அக்காவுக்கு ஒரு நிமிர்வு வந்திருந்தது. "இது மேயிலயே மே," என்று சொல்லிச் சிரித்தார். அந்த வருடம் நான் கேட்ட ஒரே சிரிப்பு அது.

முந்தின நாள் சனிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு ஜெனி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"அக்கா, நீங்க சர்ச்சுக்கு வர்றவங்க இல்லதானே?"

"இல்ல. ஏன்டா?"

"அப்ப உங்ககிட்டக் கேக்கலாம். புதுநன்மை ரெண்டு தடவ வாங்கினா பாவமா?"

நான் கையிலிருந்த போனைக் கீழே வைத்தேன்.

ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு கோயம்புத்தூரில் அவள் வாங்கிவிட்டாள். வெள்ளை கவுன், போட்டோ, விருந்து எல்லாம் நடந்திருக்கிறது. அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும்." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "நாலு மணிக்குப் பாவசங்கீர்த்தனம். அதுல பொய் சொல்லக் கூடாது. உண்மையச் சொன்னா ஃபாதர் அம்மாகிட்டச் சொல்லிருவாரா? சீக்கிரம் சொல்லுங்கக்கா, நாலு மணிக்குள்ள தெரியணும்."

எனக்கு எது பாவம், எது இல்லை என்று எதுவும் தெரியாது. ஒன்பது வயதில் இப்படி ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டு அவள் பத்து நாள் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள் என்பது மட்டும் தெரிந்தது. "நீ இங்கனயே இரு," என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். முக்காட்டின் ஓரத்தில் கடைசி வரிசை முத்து. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வைகை அணையில் கேட்டதையும் சேர்த்து. ஊசி இன்னும் இரண்டு தையல் போனது.

"கேக்கு வெட்டுனது எனக்குத் தெரியும் புள்ள. அவுக அத்தை ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தாக. மெழுகுவத்தியக்கூடப் பெருசு பண்ணிப் பாத்தேன்."

"தெரிஞ்சுமா, நீங்க..."

"வெட்டலன்னு எனக்காகத்தான புள்ள சொல்லுதுக. அத எப்பிடி வேணாம்னு சொல்ல?" பல்லால் நூலைக் கடித்தார். "இதத்தான் பாக்கல. இந்த வருசம் அவுக ஸ்டேட்டஸ் எனக்குத் தெரியறதில்ல. எடுத்துட்டாக போல." முக்காட்டை மடியில் விரித்தார். "வெள்ளைதான் போட்ருப்பாக, இல்ல?"

"ஆமாங்க்கா."

"முடி எப்பிடிப் போட்டாகளாம்? பின்னலா, விரிச்சு விட்டா?"

எனக்குத் தெரியாது. அதைக் கேட்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

மூன்றே முக்காலுக்கு அக்கா ஜெனியின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். ஃபாதர் இருவரையும் வெளியே கூட்டி வந்துதான் பேசினார். "நற்கருணை எத்தனை தடவ வேணாலும் வாங்கலாம் பாப்பா, அதுல பாவம் ஒண்ணுமில்ல. முதல் தடவைதான் ஒரு தடவை." அவர் குழந்தைக்குத்தான் சொன்னார். அக்காதான் தலையாட்டினார்.

மறுநாள் பூசையில் முன் வரிசையில் ஒன்பது பிள்ளைகள் வெள்ளையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெனி ஐந்தாவது வரிசையில், நீலச் சுடிதாரில், அம்மா பக்கத்தில் இருந்தாள். வெள்ளைப் பிள்ளைகள் வாங்கி முடித்ததும் மற்றவர்கள் வரிசையில் போனார்கள். அதில் முன்னால் அவள், பின்னால் அக்கா. மாடியில் பந்தல் இருந்தது, பிரியாணி இருந்தது. சொந்தக்காரர்கள் கவுன் எங்கே என்று கேட்டார்கள். அளவு பத்தவில்லை என்று அக்கா சொன்னார். அந்த வீட்டில் அன்றைக்குச் சொல்லப்பட்ட கடைசிப் பொய் அது.

சார்ட்டைக் கிழிக்கவில்லை. அதற்குமேல் யாரும் அதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பொய் தேவையில்லை என்று ஆனதும் பிள்ளைகளுக்கு வாய் திறந்தது. மீதி இருந்த பதினொரு நாளும் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஆன்டோவுக்கு முதல் பல் விழுந்தது, ஓவியத்தில் ஜெனி வாங்கிய கப், அத்தை வீட்டு நாய்க்குட்டி, ஜெனிக்கு டான்சில் ஆபரேஷன்.

"ஆபரேசனா? எப்ப?"

"ஜனவரிலம்மா. ரெண்டு நாள் ஐஸ்கிரீம் மட்டும்தான். சூப்பரா இருந்துச்சு."

அக்கா ஒவ்வொன்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். முன்பு பொய்யில் அவருக்கு ஓர் இடம் இருந்தது. இப்போது கேட்டதெல்லாம் உண்மை, எதிலும் அவர் இல்லை. நான் அன்று ஓடிப்போய்ச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இன்றுவரை யோசிக்கிறேன். சொல்லாமல் விட்டிருந்தால் அந்தப் பிள்ளை நாலு மணிக்கு என்ன செய்திருக்கும் என்றும் யோசிக்கிறேன். 

அடுத்த மே மாதம் பன்னிரண்டு நாள்தான் வந்தார்கள். ஏதோ அபாகஸ் வகுப்பு. அதற்கடுத்த வருடம் ஐந்து நாள். போன மே மாதம் தேனியில் ஒரு கல்யாணத்துக்கு அப்பாவோடு வந்த வழியில் ஒரு பகல் மட்டும். ஜெனி காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மரியாதையான பிள்ளை, கேட்டால் ஒன்றை மட்டும் கழற்றிவிட்டுப் பதில் சொன்னாள். அக்கா அதிகம் கேட்கவில்லை. உத்தரவில் முப்பது நாள் அப்படியே இருக்கிறது, கோர்ட்டுக்குப் போனால் வாங்கலாம் என்று நான் குதித்தேன். அப்போது நான் சட்டக் கல்லூரியில் இருந்தேன், குதிக்க எனக்குப் பிரிவு எண் எல்லாம் கிடைத்திருந்தது.

"போலீஸ வச்சா புள்ள பிள்ளையக் கூப்புடறது? வந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஒக்காந்துருக்கும். அத நான் பாக்கவா?"

அதோடு அக்கா எங்கள் தெருவைக் காலி செய்துகொண்டு தேவதானப்பட்டிப் பக்கம் போய்விட்டார். அங்கே ஒரு ஜவுளிக் கடை. போன் செய்தால் எடுப்பார், இரண்டு வார்த்தைக்கு மேல் பேச்சு நீளாது. இந்த ஏப்ரலில் அவர் வேலையை விடவில்லை என்று கேள்விப்பட்டேன். அவரைத் தெரிந்த நாளிலிருந்து முதல்முறையாக.

போன வாரம் அக்கா நான் பயிற்சிக்குப் போகிற வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். மெலிந்திருந்தார். நாற்காலியைக் காட்டியதும் உட்கார்ந்தார். அதுவே எனக்குப் புதிதாக இருந்தது. பையிலிருந்து பழைய உத்தரவை எடுத்து மேசையில் வைத்தார்.

"இந்த முப்பது நாளும் எனக்கு வேணாம் சார். திருப்பிக் குடுத்துர்றேன். அதுக்குப் பதிலா ஸ்கூல் இருக்கற நாள்ல வாரத்துல ஒரு நாளு வேணும். கோயம்புத்தூர்லயே ரூம் எடுத்துத் தங்கிக்கிறேன். அங்கனயும் துணிக்கடை இருக்கும்ல?"

வக்கீல் சார் கண்ணாடியைக் கழற்றினார். "லீவு வேணும்னு கேட்டு வர்ற அம்மாவப் பாத்திருக்கேன். லீவு வேணாம்னு எந்த அம்மாவும் வந்ததில்ல. கோர்ட்டு லீவத்தான்மா பிரிச்சுக் குடுக்கும். ஸ்கூல் நாளப் பிரிக்கிறதுக்கு அவ்வளவு லேசுல ஒத்துக்காது. இருக்கிறதையும் விட்ருவீங்க."

"இருக்கிறது எங்க சார் இருக்கு?"

"பொண்ணுக்குப் பதிமூணு வயசு. ஜட்ஜ் தனியாக் கூப்புட்டு, உனக்கு இஷ்டமான்னு கேப்பாரு. அது என்ன சொல்லும்?"

"வேணாம்னு சொல்லும்."

"தெரிஞ்சேவா போடச் சொல்றீங்க?"

"தெரியும் சார். போடுங்க."

அவர் என் பக்கம் கையைக் காட்டிவிட்டு அடுத்த கட்சிக்காரரைக் கூப்பிட்டார். மனுவை எழுதும் வேலை என்னிடம் வந்தது. நிற்காது என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அக்காவுக்கு எங்களைவிட நன்றாகவே தெரியும். நான் இந்த முறை "ஏன் முடியாது" என்று சொல்லவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து காரணம் என்ற தலைப்பு போட்டு, "என்னன்னு எழுதட்டும்க்கா?" என்று கேட்டேன்.

"அதுகளோட நான் எல்லா நாளும் இருந்துட்டேன் புள்ள. பொங்கலு, கிறிஸ்மஸு, பொறந்த நாளு. சும்மா ஒரு நாளு இருந்ததே இல்ல. காலைல எந்திரின்னு கத்தணும். ஒரு சாக்ஸ் காணாம்னு தேடணும். சாயங்காலம் வந்ததும் பைய ஒரு மூலைல வீசும், ஏன் இங்கன போட்டன்னு நான் வையணும், அது மொறைக்கணும். அத எழுது."

சட்டத் தமிழில் அதற்கு வார்த்தை இல்லை. "மனுதாரர் குழந்தைகளின் அன்றாட வாழ்வில் பங்கேற்க விரும்புகிறார்" என்று அடித்தேன். படித்துக் காட்டினேன். சரி என்றார்.

கோர்ட்டுக்கும் மே மாதம் விடுமுறை. ஜூனில் திறந்ததும் முதல் வாரமே தாக்கல் செய்யப் போகிறோம். ஒரே ஒரு இடம் மட்டும் காலியாக இருந்தது. வாரத்தில் ஒரு நாள் என்று பொத்தாம்பொதுவாகக் கேட்க முடியாது, கிழமை சொல்ல வேண்டும். கேட்டேன்.

அக்கா அவசரப்படாமல் யோசித்தார். "திங்கன்னா, லீவு முடிஞ்சிருச்சேன்னு மூஞ்சி தொங்கும். வெள்ளின்னா, நாளைக்கு லீவுன்னு குதிக்கும். புதன்ல கலர் டிரெஸ்ஸுன்னு ஏதோ சொன்னதுக. செவ்வாக்கெழமன்னு போடு புள்ள. அன்னைக்குத்தான் ஒண்ணுமே கெடையாது."